வெளியாள் யாரும் வரவில்லை

1997 பிப்ரவரி 17, திங்கள்

திருவிழா முடிந்து ஒரு வாரம். மழைத் தண்ணீரில் இன்னும் ஜிகினா மிதக்கிறது. ஈஸ்டருக்குப் பிறகு கல்யாணம் வைத்திருப்பவர்கள் இப்போதே கோயில் ஆவண அறைக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். இன்று மட்டும் பதினோரு ஞானஸ்நானச் சான்றிதழ் எழுதினேன். பழைய பதிவேட்டிலிருந்து பார்த்து எழுதுவது, முத்திரை வைப்பது. கை தானாக எழுதுகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

மத்தியானம் போலீஸ் கேப்டன் ஒப்லிதாஸ் வந்தார். மாதம் ஒரு தரம் வருவார். சொல்வதற்கு ஒன்றும் இல்லாதபோதும் வருவார்.

"என்ன செனோரீத்தா, இன்னும் இந்தத் தூசியிலதானா?"

"நீங்க இன்னும் அந்தக் கோட்டுலதானா, கேப்டன்?"

"இது கோட்டு இல்ல, என் பெண்டாட்டி. என்னை விட்டுட்டுப் போகாதது இது ஒண்ணுதான்."

வயிற்றுப் புண். கோக்கா இலைத் தண்ணீர் கொடுத்தேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துப்பறியும் நாவல்களில் யாருக்கும் வயிறு வலிப்பதில்லை.

எட்டு வருஷம், மூன்று தேசம், ஒன்பது பெண்கள். எல்லோரும் தையல்காரிகள். எல்லோரும் தனியாகத் தைத்துக்கொண்டிருந்தவர்கள். எல்லோர் கழுத்தையும் இறுக்கியது அவரவர் இஞ்ச் டேப்தான். எட்டாவது என் அக்கா ஒக்தாவியா. 95 ஜனவரி, திருவிழாவுக்குப் பதினைந்து நாள் இருக்கையில், பாதி தைத்த பிசாசு நடன உடுப்பின் மேல் முகம் கவிழ்ந்து கிடந்தாள். அவள் மகள் லுசெரோவுக்கு அப்போது ஆறு வயது. நல்ல வேளை, அன்று அவளை நான் சந்தைக்குக் கூட்டிப் போயிருந்தேன்.

"பத்தாவது ஒண்ணு நடக்கிறதுக்கு முன்னாடி பிடிக்கணும்," என்றார் போகும்போது. ஒன்பதாவதற்கு முன்பும் இதையேதான் சொன்னார்.

பிப்ரவரி 26

மழை. ஒன்றுமில்லை.

மார்ச் 8, சனி

கேப்டனுக்குக் கண்ணில் திரை விழுந்திருக்கிறது. மேலிடத்துக்குத் தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் ஒரு காரியம் செய்திருக்கிறார் — கோப்புகளை உருளைக்கிழங்குச் சாக்கில் போட்டு என்னிடம் தூக்கி வந்துவிட்டார்.

"படிச்சுச் சொல்லுங்க. சனிக்கிழமை சனிக்கிழமை. உங்களுக்கு நல்ல குரல்."

"நான் செத்தவளோட தங்கச்சி. இதை நான் படிக்கலாமா?"

"கூடாதுதான்."

"பின்னே?"

"என் கண்ணும் மறைக்கக் கூடாதுதான். மறைக்குதே, என்ன பண்ண?"

எங்கள் பெருவில் மூன்று, பொலிவியாவில் நான்கு, அர்ஜென்டினாவில் இரண்டு. மற்ற இரண்டு தேசத்துக் கோப்புகளை அவர் எப்படி வாங்கினார் என்று கேட்கவில்லை. தலைநகரம் வழியாகக் கேட்டால் எட்டு மாதம் ஆகிறது. பொலிவியாவில் மொயினேதோ என்று ஒரு லெப்டினென்ட். இவரைப் போலவே தனியாகத் துரத்திக்கொண்டிருப்பவர். இரண்டு பேரும் எல்லைப் பாலத்தில் சந்தித்து, சூப் குடித்துக்கொண்டே கோப்புகளை மாற்றிக்கொள்வார்களாம்.

மார்ச் 22, சனி

இன்று என் முறை வந்தது. என் கையெழுத்து போட்ட வாக்குமூலம்.

கேள்வி நான்கு: கடந்த ஆறு மாதத்தில் வீட்டுக்கு வெளியாட்கள் யாரேனும் வந்ததுண்டா?

பதில்: வெளியாள் யாரும் வரவில்லை.

நிதானமாக, சத்தமாகப் படித்தேன். கேப்டன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "எல்லாத்துலயும் இதே பதில்தான். மூணு தேசத்துலயும். ஒருத்தர்கூட மாத்திச் சொல்லல. ஆவிதான் வந்துட்டுப் போச்சு போல."

வீட்டுக்கு வந்து சுன்யோ, காய்ந்த உருளைக்கிழங்கு, ஊறவைத்தேன். லுசெரோ வாய்ப்பாடு ஒப்பித்தாள். ஏழாம் வாய்ப்பாட்டில் அவளுக்கு எப்போதும் தடுக்கும். அக்காவுக்கும் அப்படித்தான்.

ஏப்ரல் 19, சனி

ஒரூரோ நகரத்துக் கோப்பு. நன்றாக எழுதியிருக்கிறான் எவனோ ஒரு சார்ஜென்ட். ஜன்னல் திரையின் நிறம், அடுப்பில் இருந்த பானை, பானைக்குள் என்ன, எல்லாம். இப்படி ஒருவன் கதை எழுதப் போயிருக்கலாம். நடுவில் ஒரு வரி: "மெஷினுக்கு அன்றோ முந்தின நாளோ எண்ணெய் போடப்பட்டிருக்கிறது. மேசையில் சொட்டு."

கேப்டன் தூங்கிவிட்டிருந்தார். எழுப்பவில்லை.

மே 3, சனி, சிலுவைத் திருநாள்

வியாசோன் கோப்பு. பொலிவியாவின் தெற்கு முனை. "இறந்தவரின் வலது கைச் சட்டையில் எண்ணெய்க் கறை."

அக்காவின் மெஷின் மேலிருந்து அந்தப் பிசாசு உடுப்பின் சிவப்பு சாட்டினை எடுத்தது நான்தான். அதில் ஒரு கறை இருந்தது, காசு அளவுக்கு. அந்த நிலையிலும் ஒரு கணம், உடுப்புக்குச் சொந்தக்காரர் திட்டுவாரே என்று நினைத்தேன். பிறகு மறந்தேன்.

அக்கா தன் மெஷினுக்குத் தானே எண்ணெய் போட்டதே இல்லை. கிறீச்சிட்டாலும் போட மாட்டாள். "கொம்பாத்ரே வரட்டும்" என்பாள்.

மே 4

இல்லை.

மே 6, செவ்வாய்

எழுதிப் பார்த்துவிடுகிறேன். எழுதினால் பொய் என்று தெரிந்துவிடும்.

எலியோதோரோ. தையல் மெஷின் பழுது பார்ப்பவர். தகரப் பெட்டியோடு ஊர் ஊராகப் போகிறவர். லுசெரோவின் ஞானத்தகப்பன். அதனால் அக்காவுக்குக் கொம்பாத்ரே, அம்மாவுக்குக் கொம்பாத்ரே, எனக்கும். ரத்த உறவைவிட ஒரு படி மேல். தம்பியோடு சண்டை போடலாம், கொம்பாத்ரேயோடு போடக் கூடாது. வருஷத்துக்கு மூன்று நான்கு தரம் வருவார். அடுப்பங்கரையில் படுப்பார். அதிகம் குடிக்க மாட்டார், அதிகம் பேச மாட்டார். லுசெரோவின் காலணிக்கு நாடா கட்டிவிடுவார்.

அக்கா இறந்த மூன்றாம் நாள் பொலிவியாவிலிருந்து வந்து சேர்ந்தார். சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கினார். எட்டாம் நாள் அவள் துணிகளை ஆற்றில் துவைக்கும் சடங்கில் முழங்கால் வரை தண்ணீரில் நின்று, அவள் பாவாடைகளை ஒவ்வொன்றாக அலசினார். நான் பிழிந்து கொடுத்தேன்.

வெளியாள் யாரும் வரவில்லை. நான் பொய் சொல்லவில்லை. இரவு பகலாக யோசித்துத்தான் பதில் சொன்னேன். பால்காரியை யோசித்தேன், மின்சாரக் கணக்கெடுப்பவரை யோசித்தேன். அவரை யோசிக்கவே இல்லை. யாராவது தன் வீட்டு ஆளை வெளியாள் என்று சொல்வார்களா?

மூன்று தேசத்திலும் ஒரே பதில்.

மே 10, சனி

கேப்டன் வந்தார். நான் தலைவலி என்றேன்.

ஒரு எண்ணெய்க் கறைக்காக ஒரு மனிதன் மேல் இதைச் சுமத்துவதா? அதுவும் கொம்பாத்ரே மேல்? அம்மாவுக்குத் தெரிந்தால் என்னை அறைவாள்.

மே 13, செவ்வாய்

ஒரு வழி தோன்றியது. போலீசுக்குப் போலீஸ் பதில் போடாது. ஆனால் பங்குக் கோயிலுக்குப் பங்குக் கோயில் போடும். ஞானஸ்நானப் பதிவேடு எல்லாத் தேசத்திலும் ஒரே மாதிரிதான்: பிள்ளை, பெற்றோர், ஞானப் பெற்றோர், குரு. முத்திரை என் மேசை மேல் இருக்கிறது. ஒரூரோ, வியாசோன், அர்ஜென்டினா எல்லையில் லா கியாக்கா — மூன்று பங்குகளுக்கு எழுதினேன். இறந்தவளின் பிள்ளைகள், அக்கா தங்கை பிள்ளைகள், இவர்களுக்கு ஞானத்தகப்பன் யார் என்று பார்த்துச் சொல்லுங்கள். காரணம் எழுதவில்லை.

மூன்றும் வேறு வேறு பெயராக வந்தால், முழங்காலில் நடந்து மலை மேல் சிலுவை வரை போகிறேன்.

ஜூன் 20, வெள்ளி

ஒரூரோவிலிருந்து பதில். இறந்தவளின் தங்கை மகனுக்கு, 1988இல்.

எலியோதோரோ திக்கோனா பாரியென்தோஸ். மணமாகாதவர். மெக்கானிக்.

ஒரு பெயர் போதாது. ஒரு மனிதனுக்கு இரண்டு ஊரில் ஞானப்பிள்ளை இருக்கக் கூடாதா என்ன? ஊர் சுற்றுகிறவர். காத்திருக்கிறேன்.

ஜூலை 18, வெள்ளி

வியாசோன். அதே பெயர்.

ஆகஸ்ட் 13, புதன்

லா கியாக்கா. அதே பெயர். அங்குள்ள கிழட்டுப் பாதிரியார் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "மிகவும் பக்தியுள்ள மனிதர், நினைவிருக்கிறது. நலமாக இருக்கிறாரா?"

லுசெரோவின் ஞானஸ்நானம் ஞாபகம் வருகிறது. எழுத்தர் முழுப்பெயர் கேட்டார். கொம்பாத்ரே தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, தகப்பன் வழிப் பெயரும் தாய் வழிப் பெயரும் சேர்த்துச் சொன்னார். பிறகு, "இங்க மட்டும் பொய் சொல்ல முடியாதில்ல?" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

சொன்னேன். மூன்று கடிதங்களையும் மேசை மேல் வைத்தேன். கேப்டன் தாளைக் கண்ணோடு ஒட்டிவைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"உங்க வீட்டுக்கு வர்ற ஆளா?"

"லுசெரோவோட ஞானத்தகப்பன்."

"சவப்பெட்டியத் தூக்கினானே, ஒல்லியா ஒருத்தன்? நான் அவனுக்கு நெருப்புப் பெட்டி குடுத்தேன்." சிரித்தார். அது சிரிப்பு இல்லை. "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மே மூணு. சந்தேகந்தான். நிச்சயமாகட்டும்னு —"

கேப்டன் கோட்டின் உள்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து, என் பக்கம் தள்ளினார். மொயினேதோ அனுப்பியது. சயாபத்தா ஊர், ஒரூரோவுக்குத் தெற்கே. ஜூன் 28. தையல்காரி, முப்பத்தொரு வயது. இஞ்ச் டேப்.

ஜூன் இருபதாம் தேதி என் மேசை இழுப்பறையில் ஒரு கடிதம் இருந்தது. நான் காத்திருந்தேன்.

கதவருகே நின்று கேப்டன் சொன்னார்: "மே மாசமே சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன், செனோரீத்தா. போய் ஏதாவது சாப்பிடுங்க."

அவர் நம்பியிருப்பார். எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 15

அவள் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். மறந்தேனா, கேட்கப் பயந்தேனா?

செப்டம்பர் 9, செவ்வாய்

அந்தப் பெயரில் ஒரு மனிதன் எந்த எல்லையையும் தாண்டியதில்லை. எந்த விடுதியிலும் தங்கியதில்லை. மூன்று தேசத்துப் போலீசிலும் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. வேறு பெயர்களில் அடையாளச் சீட்டு வைத்திருக்கிறான். நிஜப் பெயர் இருப்பது கோயில் பதிவேடுகளில் மட்டும்.

('வைத்திருக்கிறார்' என்று எழுத வந்தது. கை நின்றது. முதல் முறையாக மாற்றி எழுதினேன்.)

கேப்டன் படம் கேட்டார். ஞானஸ்நானப் படம் ஒன்றுதான் இருக்கிறது. அதில் எல்லோரும் நேராகப் பார்க்கிறோம். அவன் மட்டும் குனிந்து லுசெரோவின் நாடாவைக் கட்டிக்கொண்டிருக்கிறான். தொப்பிதான் தெரிகிறது.

"தொப்பிய வெச்சுத் தேடினா, இந்த மலைநாட்டுல பாதிப் பேர உள்ள தள்ளணும்," என்றார் கேப்டன்.

செப்டம்பர் 30

களைப்பாக இருக்கிறது. அக்காவின் பழைய புத்தகம் ஒன்றை எடுத்து, முப்பது பக்கம் படித்து, ஒரு வரியும் ஏறாமல் மூடினேன். அடுத்த தையல்காரி எங்கோ ஓர் ஊரில் இன்று மெஷின் கிறீச்சிடுகிறதே என்று நினைத்துக்கொண்டிருப்பாள். கொம்பாத்ரே வரட்டும்.

அக்டோபர் 5, ஞாயிறு

அம்மாதான் ஆரம்பித்தாள், ஒன்றும் தெரியாமல். "இந்த வருஷம் மூணாவது மேசை. ரொட்டிக்கு மாவு இப்பவே சொல்லி வெக்கணும். கொம்பாத்ரேக்குச் சேதி போச்சா?"

இறந்தவர்களுக்கு மூன்று வருஷம் படையல் மேசை போடுவோம். நவம்பர் ஒன்றாம் தேதி மத்தியானம் ஆத்மா வரும், மறுநாள் மத்தியானம் போய்விடும். மூன்றாம் வருஷம் விடைகொடுப்பது. அதற்குக் கொம்பாத்ரே வராமல் இருந்தால் ஊர் காறித்துப்பும். முதல் வருஷம் வந்தான். இரண்டாம் வருஷம் வந்தான். இரண்டு தரமும் குழந்தை உருவில் சுட்ட ரொட்டிக் குழந்தை கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

வருவான். கொலைகாரனாக இருந்தாலும் வருவான். கோயிலில் பொய்ப்பெயர் சொல்லாதவன் இதற்கும் வருவான்.

அக்டோபர் 7, செவ்வாய்

கேப்டனைக் கூட்டி வந்து அம்மாவிடம் சொன்னோம். லுசெரோ பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. மூன்று கிழங்கு உரித்த பிறகு என்னைப் பார்த்தாள்.

"அவனா?"

"அவன்தாம்மா."

"ரெண்டு வருஷம் என் மேசையில உக்காந்து என் பொண்ணுக்கு ஜெபம் சொன்னான். நல்லா ராகமாச் சொன்னான். நான் அவனுக்கு ரொட்டி குடுத்தேன். இந்தக் கையால. பத்தாதுன்னு மடியில வேற கட்டிக் குடுத்தேன்."

கேப்டன் தன் திட்டத்தைச் சொன்னார். மேசைக்கு வரட்டும், உட்காரட்டும், பக்கத்து அறையில் நான்கு பேர் —

"கூடாது."

"அம்மா, வேற வழி —"

"அவளுக்குப் போட்ட மேசையில எவன் மேலயும் கை வைக்கக் கூடாது. கூச்சல் போட்டா எம்பொண்ணு வழி தெரியாமப் போயிடுவா. கடைசி வருஷம் வேற. ரோட்ல பிடியுங்க."

"எந்த ரோடுன்னு பிடிப்பேன்? அவன் எங்கேர்ந்து வருவான்னே தெரியாதே."

"பொலிவியாவுலேர்ந்து வருவான். பறந்தா வருவான்? பாலத்துலதானே நடந்து வரணும்? இத்தனை வருஷமா போலீஸ் உத்தியோகம் பாக்கறீங்க, ஒரு பாலத்தக் காவல் காக்கத் தெரியாதா?"

கேப்டன் என்னைப் பார்த்தார். "இவங்கள நான் எட்டு வருஷத்துக்கு முன்னாடியே பார்த்திருக்கணும்."

அவர் போன பிறகு அம்மா அடுப்பு முன்னால் உட்கார்ந்து, தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 13, திங்கள்

வானொலிக்குச் சேதி எழுதிக் கொடுத்தேன். காலையிலும் மத்தியானமும் வாசிப்பார்கள், ஏரிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கேட்கும். மாடு தொலைந்தது, மகள் பெற்றெடுத்தாள், தகப்பன் இறந்தார் என்பவற்றுக்கு நடுவில் எங்களுடையது:

"கொம்பாத்ரே எலியோதோரோ எங்கிருந்தாலும் கவனத்துக்கு. கொமாத்ரே ஒக்தாவியாவின் மூன்றாவது மேசை. குடும்பத்தார் எதிர்பார்க்கிறார்கள். ஞானமகள் லுசெரோவுக்கு டிசம்பரில் புதுநன்மைச் சடங்கு."

ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அக்டோபர் 24

பத்து நாளாக வாசிக்கிறார்கள். லுசெரோ தன் பெயர் வானொலியில் வருவதைக் கேட்கப் பள்ளியிலிருந்து ஓடி வருகிறாள். "ஞானப்பா கேட்டிருப்பாரா, சித்தி?"

"கேட்டிருப்பார்."

அக்டோபர் 31, வெள்ளி, எல்லைப் பாலம்

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன், நாளைக்கு மாறிவிடும்.

வெள்ளிக்கிழமை, சந்தை நாள். பாலம் கொள்ளாத கூட்டம். முகம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் என்னைப் பாலத்தின் எங்கள் பக்க முனையில் நிறுத்தினார்கள். அவனைக் கண்டதும் தொப்பியைக் கழற்ற வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. மூன்று காவலர்கள் சுமை வண்டிக்காரர்களாக. கேப்டன் வறுத்த சோளம் தின்பவராக, வயிற்றுப் புண்ணோடு. லெப்டினென்ட் மொயினேதோ தன் தேசத்திலிருந்து வந்து கம்பளித் தொப்பி விற்றார். ஒருவரும் வாங்கவில்லை. ஒரு கிழவி விலை கேட்டுவிட்டு, பக்கத்திலிருந்தவளிடம், "இவன் போலீஸ்காரன், பூட்ஸப் பாரு," என்று சொல்லிவிட்டுப் போனாள். மொயினேதோவின் காது சிவந்துவிட்டது.

ஏழு மணியிலிருந்து நின்றேன். மூட்டைகள், கோழிகள், ஆரஞ்சு, பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒவ்வொரு பழுப்புத் தொப்பியும் அவனாகத் தெரிந்தது. பிறகு எதுவும் எதுவாகவும் தெரியவில்லை. கால் மரத்துப்போனது.

பதினொன்று இருக்கும். நான் அவனைப் பார்க்கவில்லை. அவன்தான் என்னைப் பார்த்தான்.

"செனா! என்னைக் கூப்பிடவா இம்புட்டுத் தூரம் வந்தே?"

தகரப் பெட்டி ஒரு கையில். வெள்ளைத் துணி மூட்டை ஒரு கையில். கன்னத்தில் வெயில் பட்டு உரிந்திருந்தது. கொஞ்சம் இளைத்திருந்தான். முகத்தில் சந்தோஷம் — நிஜமான சந்தோஷம், அதை நான் எப்படி எழுதுவேன்?

தொப்பியைக் கழற்ற வேண்டும். கை மேலே போகவில்லை.

அவன் பெட்டியைக் கீழே வைத்தான், மூட்டையை அதன் மேல் வைத்தான், கையை நீட்டினான். கொம்பாத்ரேவைக் கண்டால் செய்கிற முறை ஒன்று உண்டு: கை, அணைப்பு, மறுபடி கை. பிறந்ததிலிருந்து பார்த்துச் செய்வது. என் கை தானாக நீண்டது. பிடித்தேன். அணைத்தேன். அவன் சட்டையில் மெஷின் எண்ணெய் வாசனை.

"ஆமா, கொம்பாத்ரே. உங்களுக்காகத்தான் வந்தேன்."

இரண்டாவது கை கொடுத்தபோது நான் விடவில்லை. கேப்டன் சோளத்தைக் கீழே போட்டுவிட்டு வருவது தெரிந்தது. எவ்வளவு நேரம் பிடித்திருந்தேனோ. அவன் ஓடவில்லை, திமிறவில்லை. என் கையைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். புரிந்துவிட்டது. விலங்கு பூட்டும்போது ஒன்றுதான் சொன்னான்:

"மூட்டையப் பாத்து. ரொட்டி நசுங்கிடும். ஒக்தாவியாவுக்கு."

கேப்டன் பெயர் கேட்டார். அவன் சட்டைப்பைச் சீட்டைக் காட்டி, "அனிசெத்தோ ரோஹாஸ்," என்றான், அமைதியாக. மொயினேதோ, ஆள் தன் தேசத்துக் குடிமகன், தான் கொண்டுபோகவேண்டும் என்றார். கேப்டன், பிடித்தது பாலத்தின் எந்தப் பாதியில் என்று பாருங்கள் என்றார். எட்டு வருஷ நண்பர்கள், பாலத்தின் மேல், சந்தை முழுதும் வேடிக்கை பார்க்க, கத்திக்கொண்டார்கள். யாரோ காலடி எண்ணத் தொடங்கினார்கள்.

நான் சொன்னேன்: "எலியோதோரோ திக்கோனா பாரியென்தோஸ்."

கத்தல் நின்றது. அவன் தொப்பி கீழே விழுந்திருந்தது. பெயரைக் கேட்டதும், அன்றைக்கு ஞானஸ்நானத் தொட்டி முன்னால் நின்ற மாதிரி, தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆமா," என்றான்.

திரும்பும் பஸ்ஸில் கேப்டன் என் தோளில் சாய்ந்து தூங்கினார். ஜெயித்த மனிதர் மாதிரி இல்லை. காய்ச்சல் விட்ட மனிதர் மாதிரி இருந்தார். வழி முழுக்க என் வலது கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே வந்தேன்.

நவம்பர் 2, ஞாயிறு

மேசை போட்டோம். கரும்பு, பூ, ரொட்டி ஏணி, அக்காவுக்குப் பிடித்த வறுத்த மீன். அவன் கொண்டுவந்த ரொட்டிக் குழந்தை கேப்டனிடம் சாட்சிப் பொருளாக இருக்கிறது. பூஞ்சை பிடிக்கும்.

நேற்றுக் காலையில் கேப்டனைக் கேட்டுவிட்டேன். சயாபத்தாக்காரியின் பெயர் பிரிமித்திவா கோல்கே. அவளுக்கு இது முதல் மேசை. சின்னதாக ஒரு ரொட்டி செய்து ஓரத்தில் வைத்தேன்.

"அது யாருக்கு?" என்றாள் அம்மா.

"சயாபத்தாவுல ஒருத்தி. நான் சீக்கிரம் சொல்லியிருந்தா இருந்திருப்பா."

அம்மா அந்த ரொட்டியை எடுத்து, அக்காவின் ரொட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் வைத்தாள்.

மத்தியானம் ஆத்மா போன பிறகு லுசெரோவிடம் சொன்னேன். சின்னச் சொற்களாகச் சொன்னேன். அவள் அழவில்லை. மேசை துடைக்கும் ஈரத்துணியைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்:

"அப்ப எனக்கு ஞானப்பா யாரு?"



நவம்பர் 11, செவ்வாய்

புது வாக்குமூலம். கேப்டன் இரண்டு விரலால் தட்டச்சு செய்தார், எழுத்துகளை மூக்கால் தேடி.

"கேள்வி நாலு. உங்களுக்கே தெரியும்."

"எழுதுங்க. வெளியாள் யாரும் வரவில்லை. வந்தவர் எங்கள் வீட்டு மனிதர்."

"இது விடையா, செனோரீத்தா? வக்கீல் கேப்பான்."

"வேற என்ன சொல்ல? இதுதான் நடந்தது."

 தட்டினார். ஜனவரியில் கண் ஆபரேஷனாம். அதன் பிறகு ஓய்வு. "மூட்டைல காலுறை ஒரு ஜோடி இருந்தது, வெள்ளை. லுசெரோவுக்கு வாங்கினானாம். வேணுமா?"

"வேண்டாம்."

மூன்று தேசமும் இன்னும் அவன் யாருக்கு என்று கடிதம் எழுதிக்கொண்டிருக்கின்றன.

நவம்பர் 29, சனி

லுசெரோவின் புதுநன்மைக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டுப் பங்கிலிருந்து சீட்டு வந்தது. பதிவேட்டை இறக்கினேன். என் வேலைதானே.

புதுப் பாதிரியார் பின்னால் நின்று பார்த்தார். "அந்த இடத்தை வெறுமையா விட்டுடுங்களேன், செனைதா. யார் கேக்கப்போறாங்க?"

பதிவேட்டில் உள்ளபடி என்று கீழே நான் கையெழுத்துப் போடவேண்டும். மூன்று ஊர் எழுத்தர்கள் உள்ளபடி எழுதி வைத்ததால்தான் அவன் கிடைத்தான்.

பிள்ளை: லுசெரோ. தாய்: ஒக்தாவியா. ஞானத்தகப்பன் என்ற இடத்தில் முழுப்பெயரையும் எழுதினேன், இரண்டு வழிப் பெயரோடும். மை காயக் காத்திருந்தேன். முத்திரை வைத்தேன்.

வீட்டில் லுசெரோ வாங்கி முழுதும் படித்தாள். அந்த வரியில் விரல் நின்றது. பிறகு நான்காக மடித்துத் தன் ஜெபப் புத்தகத்தில் வைத்துக்கொண்டாள்.

"உங்க கையெழுத்து நல்லா இருக்கு, சித்தி."

டிசம்பர் 6, சனி

நாளை மறுநாள் புதுநன்மை. வெள்ளைக் கவுனை அம்மா அக்காவின் மெஷினில் தைக்கிறாள். மூன்று வருஷமாக யாரும் தொடாதது. ஒவ்வொரு மிதிக்கும் கிறீச்சென்று கத்துகிறது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "மெக்கானிக் யாரையாவது —" என்று ஆரம்பித்து, வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

கடையிலிருந்து ஒரு சின்னக் குப்பி எண்ணெய் வாங்கி வந்தேன். எங்கெங்கே விடுவது என்று தெரியவில்லை. துளை தெரிந்த இடத்திலெல்லாம் ஒவ்வொரு சொட்டு விட்டேன். லுசெரோ கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள், கறை படாமல்.

அம்மா மிதித்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் சத்தம் இருக்கிறது. ஓடுகிறது.